பொம்மைக்குத் தேத்தண்ணி நேரம்

அந்தப் பொம்மைக்கு எங்களைவிட ஓய்வு அதிகம்.

ஹட்டனில் நான் வேலை பார்த்த புடவைக்கடையின் வாசலில், முழங்கால் உயர மரப்பீடத்தின் மேல் அது நின்றது. ஆள் உயரப் பெண் உருவம். பச்சைச் சேலை, கடுகு நிறக் கரை, தலையில் பிளாஸ்டிக் மல்லிகை. இடுப்புக்குள் ஒரு மோட்டார் இருந்தது. கதவோரச் சுவரில் உள்ள சுவிட்சைத் தட்டினால் இரண்டு கைகளும் மெல்ல எழுந்து நெஞ்சுக்கு முன்னால் சேரும். தலை வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து குனியும். பிறகு கிர்ரென்று ஒரு சத்தம். கைகள் பிரிந்து இறங்கும். மறுபடி எழும். தெருவில் மழையும் பனிமூட்டமும் தவிர வேறெதுவும் இல்லாத நேரத்திலும் அது வணக்கம் சொல்லிக்கொண்டே இருந்தது. முதலாளி அதை இந்தியாவிலிருந்து தருவித்திருந்தார். அதன் மேல் தூசு படிந்தால் அவரே துடைப்பார்.

இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்து ஓரிரு வருடங்களில் நான் அங்கே சேர்ந்தேன். நோர்வூட்டுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் உயர்தரம் சித்தியடைந்த முதல் பெண் நான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. பரீட்சை முடிவு வந்த அன்று லயத்து வரிசை வீடுகளில் உள்ளவர்கள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். கொழுந்துக் கூடை என் தலையில் ஏறாது, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை என் பெயரைக் கூப்பிட மாட்டார் என்று அப்போதே முடிவு செய்தேன். ஆசிரியர் நியமனம் வரும்வரை பொழுதைக் கழிக்க ஒரு வேலை, அவ்வளவுதான்.

பில் எழுதத்தான் என்னைச் சேர்த்தார்கள். சேர்ந்த அன்று முதலாளி என் உயர்தர மூலச் சான்றிதழை வாங்கி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

“பொம்பளப் புள்ளைக பாதியில விட்டுட்டுப் போயிருதுக. இது இங்க பத்திரமா இருக்கும். ரெண்டு வருசம் வேல செஞ்சிட்டு வாங்கிக்க.”

படித்தவள் என்பதற்கு அடையாளமாக என்னிடம் இருந்தது அந்த ஒரு தாள்தான். அதை என் கையாலேயே நீட்டினேன். சில வாரங்களில் பில் எழுத முதலாளியின் உறவுக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். நான் சேலைப் பகுதிக்கு மாறினேன். இதை வீட்டில் சொல்லவில்லை; எங்கள் லயத்து ஆட்கள் கடைக்கு வந்தால் பின்கட்டுக்குப் போய்விடுவேன். அம்மா லயம் முழுவதும் “என் மக கணக்கெழுதுறா” என்று சொல்லி முடித்திருந்தாள். அவள் ஒருநாளும் கடைப்பக்கம் வந்ததில்லை. கணக்கெழுதும் மகளுக்கு முன்னால் கொழுந்துக் கறை படிந்த விரல்களோடு வந்து நிற்பது மரியாதை இல்லை என்று அவளாகவே தீர்மானித்திருந்தாள்.

கடையில் நாங்கள் உட்காரக் கூடாது. ஒரு முக்காலி இருந்தது. அது பொம்மையின் சேலையைச் சரிசெய்ய முதலாளி ஏறி நிற்பதற்கு.

தோட்டத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் டவுனுக்கு வருவார்கள். அவர்கள் அந்தப் பொம்மையிடம் நடந்துகொண்ட விதத்தை நான் சேலைகளை மடித்துக்கொண்டே பார்ப்பேன். அநேகமாக எல்லோரும் பதில் வணக்கம் சொல்வார்கள். வயதான ஆண்கள் தலையில் கட்டிய துண்டை எடுத்துவிட்டுக் கும்பிடுவார்கள். பெண்கள் கோயிலிலிருந்து வந்தால் அதன் நெற்றியில் குங்குமம் வைப்பார்கள். மழைக்கு ஒதுங்கி நின்ற ஒருவர், கொஞ்சம் குடித்திருந்தார், தன் மனைவி கோபித்துக்கொண்டு தாய்வீடு போன கதையை அதனிடம் சொல்லி, “நீயாவது மரியாத தெரிஞ்சவ” என்று முடித்தார். முதலாளி பொம்மையை ‘அது’ என்றுதான் சொல்வார். தோட்டத்துப் பெண்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்களுக்கு அது ‘அவ’. றொசல்லப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ரயிலில் வந்து என்னோடு வேலை செய்தவள் அதற்கு ‘மூத்த மருமக’ என்று பெயர் வைத்திருந்தாள்.

“பாரு, மூத்த மருமகளுக்குக் கும்பிடு. நாம வாங்க அக்கான்னு தொண்ட கிழியக் கத்துனாலும் ஒருத்தரும் திரும்பிப் பாக்கல.”

“நீயும் மோட்டார் பூட்டிக்க.”

“எனக்குப் பூட்டுனா மொதலாளிக்குக் கரண்டு பில்லு கட்டாது.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நனைந்த குடைகளோடு கூட்டமாக வந்த பெண்களில் ஒருத்தி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“ஏன் மொதலாளி, இவ காலையில இருந்து நிக்கிறாளே, இவளுக்குத் தேத்தண்ணி நேரம் கெடையாதா?”

“அது மெசினும்மா.”

“மெசினுன்னா? ஃபேக்டரி மெசினக்கூடத்தான் நிப்பாட்டிச் சூடு ஆற விடுறாங்க. பாவம், கை கடுக்கும். நிப்பாட்டுங்க. இல்லாட்டி நாங்க அடுத்த கடைக்குப் போறோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்துக்கொண்டே சுவிட்சைத் தட்டினார். கைகள் பாதியில் நின்றன. பெண்கள் பெரிய காரியம் சாதித்தவர்கள் போல உள்ளே வந்து நிறைய வாங்கிப் போனார்கள். வியாபாரம் தெரிந்த மனிதர். அன்றிலிருந்து அதை வழக்கமாக்கிவிட்டார். தோட்டத்தில் தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் பொம்மைக்கும் ஓய்வு. சுவிட்சைத் தட்டும் உரிமை வாடிக்கைக்காரப் பெண்களுக்கு. அதற்காகவே அந்த நேரம் பார்த்து வந்தவர்கள் உண்டு. “நான் நிப்பாட்டுறேன், நீ போன தடவ நிப்பாட்டுன” என்று தள்ளிக்கொள்வார்கள். நாள் முழுவதும் மலையில் நின்று கொழுந்தெடுப்பவர்கள் அவர்கள். ஒருத்தியை உட்கார வைக்கும் அதிகாரம் கையில் கிடைத்தது அவர்களுக்குப் புதிது.

அவர்களுக்குப் பின்னால், சேலைக் கட்டுகளோடு நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

அந்த வருடம் தீபாவளிக்கு முன்பு ஆசிரியர் நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. நுவரெலியாவில், ஒரு திங்கட்கிழமை காலை. விசாரிக்கப் போன கல்வி அலுவலகத்தில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஒரு அம்மா இருந்தார். என் சான்றிதழ்ப் பிரதிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒறிஜினல் கொண்டு வராட்டி உள்ளுக்கு எடுக்கமாட்டினம், பிள்ளை. பிறகு வாசலிலை நிண்டு அழுது பிரயோசனமில்லை. இப்பவே சொல்லிப்போட்டன்.”

முதலாளியிடம் கேட்டேன். தீபாவளி சீசனில் லீவும் இல்லை, சான்றிதழும் இல்லை என்றார். நேர்முகம் முடிந்ததும் திரும்ப வருவேன் என்றேன். “போனவ எவ திரும்பி வந்தா?” என்றார். வீட்டில் சொல்லலாமா என்று யோசித்தேன். அப்பா வந்து அவர் முன்னால் கைகட்டி நிற்பார். எனக்காக யாரும் யார் முன்னாலும் கைகட்டி நிற்கக் கூடாது என்றுதானே படித்தேன்? சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் மோட்டார் எரிந்தது. ஓயாத மழை, கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. பொம்மையின் இடுப்பிலிருந்து புகை வந்தது. கைகள் நெஞ்சுக்கும் இடுப்புக்கும் நடுவில் நின்றுவிட்டன. பீடம் வெறுமையாக இருந்த அன்று தோட்டத்துப் பெண்கள் வாசலில் நின்று, “எங்க அவ?” என்று கேட்டுவிட்டு, துக்க வீட்டில் விசாரிப்பது போல முதலாளியை விசாரித்துவிட்டு, உள்ளே வராமலே போனார்கள். கொழும்பிலிருந்து சாமான் வரவேண்டும். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“நீதான் உயரம். அதோட சேல ஒனக்குச் சரியா இருக்கும். இந்தக் கெழம மட்டும் வாசல்ல நில்லு. ஞாயித்துக்கெழம பின்னேரம் பெட்டியத் தொறந்து சர்ட்டிபிகேட்டக் குடுத்துர்றேன். திங்கக்கெழம நீ போய்க்க.”

மறுக்க வேண்டியதுதான். ஆனால் தாள் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. பின்கட்டில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே சாத்தி வைத்திருந்த பொம்மையின் முன்னால் நின்று அதன் சேலையை உடுத்திக்கொண்டேன். அது வெறும் வெள்ளை உடம்போடு, பாதி தூக்கிய கைகளோடு என்னைப் பார்த்தது. றொசல்லக்காரி என் முகத்தில் பவுடரை அப்பி, கன்னத்தில் சிவப்புத் தடவினாள்.

முதலாளி சொல்லிக்கொடுத்தார். “பேசாத. பேசுனா ஒங்கிட்ட வெல கேப்பாங்க. பல்லு தெரியாமச் சிரி. ஆளு வந்தாலும் தூக்கு, வராட்டியும் தூக்கு. பொம்ம ஆளப் பாத்தா தூக்குச்சு?”

பீடத்தில் ஏறினேன். அங்கிருந்து பார்த்தால் பஸ் தரிப்பிடம் வரை தெரியும். ஓடி ஒளிய இடமில்லை. கைகளைத் தூக்கினேன், தலையைச் சாய்த்தேன், இறக்கினேன். முதல் ஒரு மணி நேரம் வெட்கம் இருந்தது. பிறகு தோள் வலி அதை மூடிவிட்டது.

வெளியில் நின்று பார்த்தபோது தெரியாத ஒன்று பீடத்தின் மேல் தெரிந்தது. பொம்மை என்று நினைத்து வந்தவர்கள் என்னை நன்றாகப் பார்த்தார்கள். கிட்டே வந்து மூக்கைப் பார்த்தார்கள், சேலைத் தலைப்பைத் தொட்டுத் தரம் பார்த்தார்கள். சில ஆண்கள் தெருவில் எந்தப் பெண்ணையும் பார்க்கத் துணியாத விதமாகப் பார்த்தார்கள். பிறகு நான் கண் சிமிட்டுவேன். அந்த ஒரு கணத்தில் அவர்கள் முகம் மாறும். கூச்சத்தோடு வேறு பக்கம் திரும்பி, வேகமாக உள்ளே போவார்கள். பொம்மைக்குச் சொன்ன பதில் வணக்கத்தை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. பொம்மையின் வணக்கத்தை வாங்கிக்கொள்வதில் அவர்களுக்குச் சிரமம் இருக்கவில்லை. அது எதையும் திரும்பக் கேட்காது. ஆள் கும்பிட்டால், அதுவும் கூலிக்குக் கும்பிட்டால், அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரு சிங்கள அம்மா மட்டும் சற்று நின்று, “அனே, பவ்” என்று இரக்கப்பட்டார். அவரும் என் கண்ணைப் பார்க்காமல்தான் சொன்னார்.

தேத்தண்ணி நேரத்துக்கு இரண்டு பெண்கள் ஆசையோடு சுவிட்சைத் தேடி வந்தார்கள். “வந்துட்டாளே! நல்லாயிட்டாளா?” என்று ஒருத்தி என் கையைப் பிடித்தாள். கை சூடாக இருந்திருக்க வேண்டும். சட்டென்று விட்டுவிட்டாள்.

“ஆத்தாடி, இது ஒரு புள்ளைடி!”

மற்றவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சுவிட்சைப் பார்த்தாள். கல்லாவில் இருந்த முதலாளியைப் பார்த்தாள். “வாடி, நமக்கெதுக்கு” என்று இவளை இழுத்துக்கொண்டு போனாள்.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பொம்மைக்கு ஓய்வு கேட்பது விளையாட்டு. வேலைக்காரிக்கு ஓய்வு கேட்பது இன்னொருவர் பெரட்டில் தலையிடுவது. அதற்கு என்ன நடக்கும் என்று தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும்.

சனிக்கிழமை மாலை முதலாளி பீடத்துக்குப் பக்கத்தில் வந்து, தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “மோட்டாரு தீபாவளிக்குப் பொறகுதான் வருமாம். அதுவரைக்கும் நில்லு. சர்ட்டிபிகேட் எங்கயும் ஓடிப் போகாது. அடுத்த தடவ நேர்முகத்துக்குப் போலாம்.”

என் கைகள் அப்போது மேலே போய்க்கொண்டிருந்தன. பேசக் கூடாது என்பது விதி. அதைவிட, வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்ற பயம். கைகள் சேர்ந்தன, தலை சாய்ந்தது. அவருக்கே வணக்கம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை தீபாவளிக் கூட்டம் தெருவை அடைத்திருந்தது. பத்து மணிக்குப் பிறகு நோர்வூட் பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டத்தில் எங்கள் லயத்துப் பெண்கள் வருவதைப் பார்த்தேன். அவர்கள் நடுவில் அம்மா. பக்கத்து வீட்டு அக்கா அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

“வா, சும்மா வா. ஒம் மக உள்ள கணக்கெழுதிக்கிட்டிருப்பா, ஒன்னயப் பாக்கவா போறா? வாசல்ல ஒரு பொம்ம இருக்கு, அதப் பாக்கத்தான் கூப்புடுறேன். அந்தா பாரு, எப்புடிக் கும்புடுறா!”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கைகளையும் சேர்த்து எனக்கு வணக்கம் சொன்னாள். தொரையைக் கண்டால் பயத்தில் சொல்வாளே, அந்த வணக்கமல்ல. தனக்கு ஒருத்தி முதலில் வணக்கம் சொன்ன சந்தோசத்தில் வந்த வணக்கம். அந்த வாரம் முழுவதும் எனக்குக் கிடைத்த ஒரே பதில் வணக்கம் அது.

பிறகு கண்டுகொண்டாள். கைகள் நெஞ்சுக்கு முன்னால் அப்படியே நின்றன. என் கைகள் நிற்கவில்லை. இறங்கி, மறுபடி எழுந்துகொண்டிருந்தன. நிறுத்த முடியவில்லை என்பதுதான் உண்மை.

அம்மா என்னைவிட்டுத் திரும்பினாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டாள். “இத எப்புடி நிப்பாட்டுறது?”

“அந்தாத் தெரியுது பாரு சுவிட்சு. நாங்கதான் நிப்பாட்டுவோம், தேத்தண்ணிக்கு.”

அம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு சுவர்ப்பக்கம் போனாள். எங்கள் லயக் காம்பராவுக்குக் கரண்ட் வந்து அதிக நாள் ஆகவில்லை. சுவிட்சைத் தொட அவளுக்கு இன்னும் பயம். விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தட்டினாள். டக்.

“தேத்தண்ணி நேரம்” என்றாள்.

என் கைகள் விழுந்தன. பீடத்தின் மேலேயே உட்கார்ந்தேன்.

கூட்டம் சிரித்தது. முதலாளி கல்லாவிலிருந்து வந்தார். “யாரு நிப்பாட்டுனது? எந்திரி, எந்திரி” என்று சொல்லிக்கொண்டே சுவிட்சைத் திரும்பப் போட்டார். ஒன்றும் ஓடாத ஒரு சுவிட்சை அவரும் நம்பினார்.

நான் எழும்பவில்லை.

“என்னா, இதுவும் பழுதாப் போச்சா?” என்று கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். இந்த முறை அவ்வளவு பேர் சிரிக்கவில்லை. லயத்துப் பெண்கள் என்னை அடையாளம் கண்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்னோட சர்ட்டிபிகேட்டக் குடுங்க. நாளைக்கு நேர்முகம்” என்றேன். ஒரு வாரம் பேசாத குரல் கரகரத்தது.

“தீபாவளி முடியட்டும்னு சொன்னேன்ல?”

அம்மாவுக்குச் சான்றிதழ் பற்றியும் தெரியாது, நேர்முகம் பற்றியும் தெரியாது. என் முகத்தைப் பார்த்தாள், அது போதுமாக இருந்தது. “சரிங்க மொதலாளி. அதுவரைக்கும் அவ உக்காந்திருக்கட்டும்” என்றாள். குடையை மடக்கிக் கீழே வைத்துவிட்டு, கடைப்படியில், என் காலடியில் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு அக்கா அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலைப் பையை அவிழ்த்தாள். “எங்களுக்குந்தான் காலு கடுக்குது. செத்த இருந்துட்டு வாங்குறோம்.” இன்னொருத்தி உட்கார்ந்தாள். வேறு தோட்டத்துப் பெண்களும், என்ன விசயம் என்று கேட்டுக்கொண்டே. யாரும் சத்தம் போடவில்லை. உட்கார்ந்தே வேலையை நிறுத்தத் தெரிந்தவர்கள். வாசல் அடைத்துக்கொண்டது. உள்ளே இருந்தவர்கள் வெளியே வர முடியவில்லை, வெளியே இருந்தவர்கள் எதிர்க்கடைக்குப் போகத் தொடங்கினார்கள்.

முதலாளி எதிர்க்கடைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு உள்ளே போனார். இரும்புப் பெட்டி திறக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. றொசல்லக்காரிதான் தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். “போயிரு. திரும்பிப் பாக்காம போயிரு” என்றாள். அவள் உள்ளே திரும்பிப் போய் மறுபடி நின்றாள். அவளுடைய தாளும் அந்தப் பெட்டியில்தான் இருந்தது.

பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சான்றிதழை மழை படாமல் தன் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

“கணக்கெழுதுறேன்னு சொன்ன.”

“அதுக்குத்தாம்மா சேத்தாங்க.”

“கை வலிக்குதா?”

“இல்ல.”

“எங்கிட்டயே சொல்லு. நிக்கிறது எப்புடின்னு எனக்குத் தெரியாது பாரு.” பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “நா வேற ஒன்னயக் கும்புட்டுட்டேன்” என்று கண்ணாடியிடம் சொன்னாள். அது வருத்தமா, வெட்கமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

நியமனம் கிடைத்தது. இப்போது ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். போன மாதம் ஒரு மாணவி பத்திரிகையில் வந்த படம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள்: ஜப்பானில் செய்த இயந்திர மனிதன், குனிந்து வணக்கம் சொல்கிறது. “டீச்சர், இது வந்தா ஆளுங்க இதோட பேசுவாங்களா? பயப்படுவாங்களா?” என்று கேட்டாள். பேசுவார்கள், குங்குமமும் வைப்பார்கள், தேத்தண்ணி நேரமும் கேட்டு வாங்கிக் கொடுப்பார்கள் என்றேன். வகுப்பு சிரித்தது. அதற்குப் பக்கத்தில் நிற்கும் ஆளை யார் பார்ப்பார்கள் என்பதுதான் கேள்வி என்று சொல்ல வந்தேன். அதை விட்டுப் பாடப் புத்தகத்தை விரித்தேன்.

நேர்முகப் பரீட்சை அன்று அறைக்குள் மூன்று அதிகாரிகள் இருந்தார்கள். கதவைத் திறந்ததும் என் கைகள் தாமாக எழுந்தன. நெஞ்சுக்கு முன்னால் சேர்ந்தன, தலை வலப்பக்கம் சாய்ந்தது. நடுவில் இருந்தவர், “உட்காருங்கள்” என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். கைகள் இறங்கி மறுபடி எழத் தொடங்கின. சான்றிதழ் கக்கத்தில் இருந்தது. அது நழுவி விழுந்த சத்தத்தில்தான் எனக்குத் தன்னினைவு வந்தது. அவர் இரண்டாவது முறையும் “உட்காருங்கள்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.